ஜெபமாலையின் உள்ளங்கை

ஜூலை 8, செவ்வாய்

ஒரு வழியாக மெஷின் வந்து இறங்கிவிட்டது. பார்த்தால் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பைவிடச் சிறியது. இதற்கா மோத்தா சார் இரண்டு வருடமாகக் கொச்சிக்கும் சென்னைக்கும் அலைந்தார் என்று இருந்தது. அவர் எங்கள் இறால் ஏற்றுமதிக் கம்பெனியின் மேனேஜர். தலைக்கு மேல் வேலை கிடந்தாலும் சடங்கை விடமாட்டார். பங்குச் சாமியாரை அழைத்து வந்து மெஷினை மந்திரிக்கச் சொன்னார். சாமியார் தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கியதும், மெஷினோடு வந்த இன்ஜினியர் பதறிப்போய் ஒரு பிளாஸ்டிக் தாளை அதன்மேல் விரித்துப் பிடித்துக்கொண்டார். ஆகமொத்தம் தாளுக்கு ஆசீர்வாதம் கிடைத்தது.

இறாலிலோ இறாலைத் தொடும் கையிலோ சால்மொனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கிறதா என்று சொல்ல இதுவரை எங்கள் லேபுக்கு ஐந்து நாள் ஆகும். எடுத்ததைச் சத்துநீரில் ஊறவைத்து, பிளேட்டில் தடவி, இன்குபேட்டரில் வைத்துவிட்டுக் கிருமி முளைத்து முகம் காட்டும்வரை காத்திருக்க வேண்டும். இந்த மெஷின் முளைக்கும்வரை எல்லாம் பொறுக்காது. ஒரு ராத்திரி ஊறியதில் ஒரு சொட்டுக் கொடுத்தால் போதும், கிருமியின் மரபணுத் துணுக்கைத் தேடிப் பிடித்துப் பெருக்கி, மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குள் திரையில் கோடு போட்டுவிடும். கோடு ஏறினால் இருக்கிறது, தரையோடு படுத்துக்கிடந்தால் இல்லை.

மெஷினை ஓட்ட ஒரு பெண்ணையும் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். சுலைகா, காயல்பட்டினம். இதற்கென்றே படித்தவள். வந்ததும் முதல் வேலையாகப் புது அறை வாசலில் சிவப்பு டேப் ஒட்டினாள்.

"மேடம், கிருமி வளக்குற பழைய ரூம்ல இருந்து எதுவுமே இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. கோட்டு, செருப்பு, பேனா, எதுவும்."

"நான் தாண்டலாமா?" என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "கை கழுவிட்டு, வேற கோட்டு போட்டுட்டு வாங்க" என்றாள். இந்த லேபின் தலைவி நான். என் லேபிலேயே எனக்கு வேற கோட்டாம்.

ஜூலை 10, வியாழன்

புது அறையில் ஒரு சத்தமும் இல்லை. மெஷின் மூச்சுவிடுகிறதா என்றே தெரியவில்லை. நான் பழகியது சத்தமான லேப். ஆட்டோகிளேவ் சீறும், மின்விசிறி கிறீச்சிடும், எல்லாவற்றுக்கும் நடுவில் இன்னாசியின் டைமர் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னாசி இங்கே கோல்டு ஸ்டோரேஜ் மெக்கானிக். நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் இன்குபேட்டரை முப்பத்தேழு டிகிரியில் நிறுத்திக் கொடுக்க வந்தார். மறுநாள், அது முப்பத்தேழிலேயே நிற்கிறதா என்று பார்க்க வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். "நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டால், "நல்லா இருக்கும்போதே பாத்துக்கிடணும்" என்பார். நான் பிளேட் முளைக்கக் காத்திருந்தேன். அவர் எதற்குக் காத்திருந்தார் என்பது பீலிங் ஷெட்டில் இறால் உரிக்கும் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஐந்தாம் நாள் பிளேட் சுத்தமாக இருந்தால் ஒரு பொட்டலம் மக்ரூன் இனிப்பு வாங்கி வருவார். கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வழக்கத்தை விடவில்லை.

சால்மொனெல்லாவில் ஒன்றை நாங்களே வளர்க்கிறோம். பிளேட் சரியாக வேலை செய்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். வாராவாரம் புது உணவுக்கு மாற்றாவிட்டால் செத்துப்போகும். இன்னாசி அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார். "எனக்குச் சோறு வைக்க மறந்தாலும் மாப்பிள்ளைக்கு மறக்க மாட்டா" என்று வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

டைமர், கைக்கு அடக்கமான உருண்டை. வெள்ளைக் குமிழைத் திருகிவிட்டால் டிக் டிக் என்று ஓடி, நேரம் முடிந்ததும் அடிக்கும். ஒருமுறை கீழே விழுந்து நின்றுபோனதைக் குப்பையில் போட்டேன். அவர் வீட்டுக்கு எடுத்துப்போய், சைக்கிள் மணியின் உள்பாகத்தை அதில் பொருத்திக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து அது சைக்கிள் மாதிரிதான் அடிக்கிறது. அவர் போய் நாலு வருடம் ஆகிறது. டைமர் ஓடுகிறது.

இன்று அதைப் புது அறைக்குக் கொண்டுபோனேன். ஸ்பிரிட் போட்டு நன்றாகத் துடைத்துத்தான் கொண்டுபோனேன். சுலைகா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், போன்லயே டைமர் இருக்கே."

"போனுக்கு டிக் டிக் வராதும்மா."

மறுபேச்சுப் பேசவில்லை. நல்ல பெண்.

ஜூலை 11, வெள்ளி

மெஷினில் என் முதல் பயிற்சி. சூடாக்கும் தட்டில் குழாய்களைப் பத்து நிமிடம் வைத்து, டைமரைத் திருகி, அது அடித்ததும் எடுத்துத் திறந்து, சொட்டு விட வேண்டும். சுலைகாவின் குழாய்கள் எல்லாம் தரையோடு கிடந்தன. என்னுடையதில் மட்டும் கடைசியில் லேசாகக் கோடு ஏறியது. "புதுசுல அப்படித்தான் மேடம், கை பழகிரும்" என்றாள். பிளேட்டில் ஊற்றும் அகார் கூழைக் காய்ச்சும்போது பொங்கி அடுப்பெல்லாம் நாசம். இத்தனை வருடம் ஆகியும் அதில் எனக்குக் கை பழகவில்லை.

ஜூலை 14, திங்கள்

பீலிங் ஷெட்டில் மாதாந்திரக் கைச்சோதனை. குச்சிப் பஞ்சால் ஒவ்வொருத்தி உள்ளங்கையையும் துடைத்து எடுத்தோம். ஜெபமாலையின் கையை நானே எடுத்தேன்.

அவளும் நானும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இந்தக் கம்பெனிக்குள் வந்தவர்கள். இன்னாசி இன்குபேட்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்க்கிறார் என்று முதலில் கண்டுபிடித்ததும் அவள்தான். இப்போது பேரன் எடுத்துவிட்டாள். வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

"என்னக்கா, கையில என்னத்தத் தேடுதிய? ஆயுசு ரேகை எங்கயாவது ஓடிப்போச்சா?"

"உன் வாயத் துடைச்சு எடுத்தா மெஷினே வெடிச்சிரும்" என்றேன். மேசை முழுக்கச் சிரிப்பு.

ஜூலை 15, செவ்வாய்

மற்றவர்களுடையதை சுலைகா செய்தாள். ஜெபமாலையுடையதை நான் செய்தேன், நம்மாள் என்பதால்.

எல்லாம் தரையோடு கிடந்தன. ஒரே ஒரு கோடு ஏறியது.

என் கண்ணை நான் நம்பவில்லை. வெறும் தண்ணீர் விட்ட ஒப்பீட்டுக் குழாயைப் பார்த்தேன். அதைச் செய்தது சுலைகா, சுத்தமாக இருந்தது. அப்படியென்றால் லேபில் குற்றமில்லை. ஜெபமாலையின் கையில் சால்மொனெல்லா.

மோத்தா சாருக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் உடனே அவளை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்துவிட்டார். அவள் கையிலிருந்து ஊறிய அதே சத்துநீரைப் பிளேட்டில் போட்டு, பழைய முறையிலும் பார்க்க வேண்டும் என்பது விதி. டாக்டரும் தனியாகச் சோதிப்பார். உறுதியானால் கிருமியைச் சுமப்பவள் என்று எழுதிவிடுவார்கள். அதற்குப் பிறகு இங்கே மட்டுமல்ல, இந்த ஊரில் எந்தக் கம்பெனியும் அவளை இறாலைத் தொட விடாது. அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை அது.

ஜூலை 16, புதன்

நேற்றே அவளிடம் இரண்டாவது தடவை எடுத்துவைத்தேன். இன்று ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நானே செய்தேன். சுலைகாவைக் கிட்டத்தில்கூட விடவில்லை. ஒவ்வொரு குழாயையும் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி வைத்தேன். தப்பே நடந்துவிடக் கூடாது என்று பத்து நிமிடமும் டைமரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மறுபடியும் கோடு ஏறியது. நேற்றைவிடச் சீக்கிரமாக.

வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

ஜூலை 17, வியாழன்

விடுப்பில் இருக்கும் ஜெபமாலை கேட் பக்கம் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. கிட்டே போனேன். அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"தள்ளியே நில்லுங்கக்கா. எதுக்கு வம்பு."

"என்னட்டி பேசுத?"

"ஷெட்டுல என் டம்ளரத் தனியா எடுத்து சன்னல்ல கவுத்திட்டாளுவளாம். கிருமிக்காரின்னு பேரும் வச்சாச்சு. அது போவட்டும்." கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? படிச்சவுக நீங்க, உள்ளதச் சொல்லணும். நா வீட்டுல சோறு பொங்கலாமா? பேரனுக்கு ஊட்டலாமா? மருமவ ரெண்டு நாளா புள்ளைய எங்கிட்டத் தர மாட்டேங்கா."

சோப்பு போட்டுக் கழுவினால் போதும் என்று சொன்னேன். புத்தகத்தில் இருப்பது அதுதான். அவள் தலையை ஆட்டினாள். பொய் சொன்னதுபோல் இருந்தது, ஏனென்று தெரியவில்லை.

போகும்போது திரும்பிப் பார்த்து, "இன்னாசியண்ணன் இருந்தா மெஷினயே கழட்டிப் பாத்திருப்பாவ" என்றாள்.

ஜூலை 18, வெள்ளி

வீட்டுக்கு காஸ் வந்தது. சிலிண்டரை உள்ளே தூக்கி வைக்க ஆளில்லை, வாசலிலேயே நிற்கிறது.

ஜூலை 19, சனி

பிளேட்டுகளைப் பார்ப்பதே வேலையாக இருக்கிறது. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. ஒப்பீட்டுப் பிளேட்டில் மட்டும் மாப்பிள்ளை கறுப்புப் பொட்டுப் பொட்டாகச் செழிப்பாக நிற்கிறார். ஜெபமாலையின் பிளேட் துடைத்துவிட்ட கண்ணாடி.

இத்தனை கவலைக்கு நடுவிலும் ஒன்றை எழுதத்தான் வேண்டும். இந்த நாலு நாளும் நான் சந்தோஷமாக இருக்கிறேன். காலையில் வந்ததும் இன்குபேட்டரைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் அந்த வெதுவெதுப்பு, அகார் வாசனை, கதவு மூடும் சத்தம். பின்னாலிருந்து "முளைச்சுதா?" என்று கேட்பார் என்று இன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்த்துவிட்டேன். நாளைக்கு ஐந்தாம் நாள்.

ஜூலை 20, ஞாயிறு

பூசை முடிந்து நேரே லேபுக்குப் போனேன். ஒன்றுமே முளைக்கவில்லை! ஒரு பொட்டுகூட இல்லை. டாக்டரின் சோதனையிலும் எதுவும் இல்லை என்று மோத்தா சார் போனில் சொன்னார். "அப்ப மெஷின்தான் பொய் சொல்லுதா? வித்தவனக் கூப்பிட்டு ரெண்டுல ஒண்ணு கேக்கேன்" என்று குதித்தார்.

வரும் வழியில் மக்ரூன் வாங்கினேன். வீட்டில் உட்கார்ந்து, சுலைகாவுக்குப் போன் போட்டேன். ஜெயித்த திமிர் எனக்கு இருந்தது, ஒளிப்பானேன்.

"உன் மெஷின் தோத்துப்போச்சும்மா. என் பிளேட்டுதான் நின்னுச்சு."

 அவள் மெதுவாகச் சொன்னாள். "மேடம், அது இல்லாததக் காட்டாது. ஆனா செத்துப்போன கிருமி இருந்தாலும் காட்டிரும். உயிரோட இருக்கா, செத்திருச்சான்னு அதுக்குத் தெரியாது. பிளேட்டுல உயிரோட இருக்கறதுதான் முளைக்கும். அதனால ரெண்டுமே சரியாத்தான் சொல்லிருக்கு."

"அப்ப செத்த கிருமி எங்கேருந்து வந்துச்சாம்?"

"அதுதான் மேடம் எனக்கும். ரெண்டு தடவையும் அவங்களோடதுல மட்டும் ஏன் வரணும்?"

நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன். மக்ரூன் இரண்டுக்கு மேல் இறங்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

புது அறையில் கை படும் இடம் ஒன்று விடாமல் துடைத்து எடுத்து மெஷினில் போட்டுப் பார்க்கலாம் என்றாள் சுலைகா. கதவுப் பிடி, நாற்காலி, சூடாக்கும் தட்டு, கையுறைப் பெட்டி, சுவிட்சு. வரிசையாகக் குழாயில் பெயர் எழுதி வைத்திருந்தாள். வாசித்துப் பார்த்தேன். மேசை நடுவில் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்ததைத் தவிர எல்லாமே அதில் இருந்தது.

"இத ஏன் விட்ட?"

அவள் தரையைப் பார்த்தாள். அந்தச் சிவப்பு டேப்பைத்தான் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஒன்றும் அறியாதவள் இல்லை. பழைய அறையில் எத்தனை வருடம் மாப்பிள்ளைக்குச் சோறு வைத்த கையோடு அந்தக் குமிழைத் திருகியிருக்கிறேன். ஸ்பிரிட் கிருமியைக் கொல்லும், அதன் மரபணுவைத் துடைத்து எடுக்காது. அதைத் திருகிய கையுறையோடுதான் ஜெபமாலையின் குழாயைத் திறந்தேன். பயிற்சி நாளில் என் குழாயும் ஏறியதே. அவளுடையதை மற்றவர்களுடையதோடு சுலைகாவிடம் விட்டிருந்தால் தரையோடு கிடந்திருக்கும். நம்மாள், நம்மாள் என்று நான் கைவைத்ததால்தான் இத்தனையும்.

"நீயே துடைச்சு எடு" என்றேன். "நான் தொடல."

மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. கதவுப் பிடியில் இல்லை, சுவிட்சில் இல்லை. குமிழின் கோடு மட்டும் வேறு எதற்கும் காத்திராமல் விறுவிறுவென்று ஏறியது. சுலைகா என் பக்கத்தில் வந்து நின்றாள். இதுவரை மேடம் என்று மட்டுமே கூப்பிட்டவள், அவள் ஊரில் அக்காவைக் கூப்பிடும் விதமாகக் கூப்பிட்டாள்.

"லாத்தா, அன்னைக்கே நான் வேணாம்னு சொல்லிருக்கணும். நீங்க அத வச்ச விதத்தப் பாத்து வாய் வரல."

அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. மெஷின்மேலும் வரவில்லை. செத்ததா உயிரோடிருப்பதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் அது கோடு போட்டது. நாலு வருடமாக நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

டைமரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டினேன். பைக்குள்ளேயும் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஜெபமாலையை வரச் சொல்லி, சுலைகாவையே கையைத் துடைத்து எடுக்கச் சொன்னேன்.

ஜூலை 22, செவ்வாய்

ஜெபமாலையின் குழாய்களை சுலைகா செய்தாள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். உள்ளே போகத் துடித்த கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கோடு தரையைவிட்டு எழவே இல்லை. சுலைகா உள்ளிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

மோத்தா சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஹில்டா, நடந்தது நடந்துபோச்சு. மெஷின்ல கோளாறுன்னு நோட்டீஸ் போட்டு முடிச்சிருவோம். லேப் தப்பு பண்ணிச்சுன்னு வெளிய போனா வாங்குறவன் நம்ம ரிப்போர்ட்ட நம்புவானா?"

"மெஷின் கோளாறுன்னா, அவளக் காப்பாத்தக் கம்பெனி கதை விடுதுன்னு பேசுவாங்க சார். அந்தப் பேரு அவளுக்குச் சாகுற வரைக்கும் போகாது. எந்தக் கையில இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் போகும்."

"உங்களுக்கு மெமோ தரவேண்டி வரும்."

"தாங்க சார். இத்தன வருசத்துல ஒண்ணுகூட வாங்கலையேன்னு குறையா இருந்துச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டு பேனாவைத் தேடினார்.

ஜூலை 23, புதன்

டீ நேரத்தில் பீலிங் ஷெட்டின் ஓய்வறைக்குப் போனேன். இன்றுதான் வேலைக்குத் திரும்பிய ஜெபமாலை ஓரத்தில் தனியாக நின்றாள். கம்பெனி அவளுக்குக் காகிதக் கப்பு கொடுத்திருந்தது. அவளுடைய டம்ளர் சன்னலில் கவிழ்ந்தே கிடந்தது.

பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினேன். "கிருமிக்காரின்னு ஒருத்திக்குப் பேரு வச்சிங்களே, அந்தக் கிருமிக்காரி இந்த டைமர்தான்" என்றேன். "இது மேல இருந்த செத்த கிருமி என் கைக்கு வந்து, என் கையில இருந்து ஜெபமாலை குழாய்க்குப் போச்சு. அவ கை சுத்தம். கொண்டு வரக்கூடாத இடத்துக்கு இதக் கொண்டு வந்தவ நான்."

 பழைய ஆட்களுக்கு டைமரைத் தெரியும். யாருடையது என்றும் தெரியும். மேசைத் தலைவி சந்தனமாரி எழுந்து சன்னலுக்குப் போய், கவிழ்ந்த டம்ளரை எடுத்தாள். அலசக்கூட இல்லை. தன் டம்ளரில் இருந்த டீயில் பாதியை அதில் ஊற்றி ஜெபமாலையிடம் நீட்டினாள். ஜெபமாலை வாங்கவில்லை. என்னைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"எம்புட்டு அழுதேன் தெரியுமாக்கா?" என்றாள்.

பையைப் பிடித்தபடியே நின்றேன். பிறகு அவள் டீயை வாங்கிக் குடித்தாள். என்னிடம் வேறொன்றும் பேசாமல் வேலைக்குப் போய்விட்டாள்.

ஜூலை 24, வியாழன்

மெமோ வந்தது. வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். டைமரை ப்ளீச்சிங் தண்ணீரில் போட்டால்தான் அந்த மரபணு அழியும், ஆனால் உள்ளே ஸ்பிரிங் அரித்து நின்றுவிடும் என்றாள் சுலைகா. போடு என்றேன். முக்கும்போது குமிழ் திரும்பி, தண்ணீருக்குள்ளும் கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத்தான் நின்றது என்று சொன்னாள். நான் போய்ப் பார்க்கவில்லை.

ஜூலை 26, சனி

பனிமய மாதா கோவிலில் கொடியேற்றம். ஊரே அங்கேதான் இருந்தது. கூட்டத்தில் யாரோ என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். ஜெபமாலை.

"வீட்டுக்கு வாங்க" என்றாள். அழைத்தாளா அதட்டினாளா என்று புரியவில்லை. பின்னாலேயே போனேன்.

சாளை மீன் குழம்பு வைத்திருந்தாள். தரையில் உட்கார்ந்து, சட்டியில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். மருமகள் பேரனைக் கொண்டுவந்து அவள் எதிரில் உட்காரவைத்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு அடுப்படிக்குப் போனாள். ஜெபமாலை முள் பார்த்துப் பார்த்து எடுத்து, உருண்டை உருட்டிப் பேரன் வாயில் வைத்தாள். ஒன்று, பிறகு இன்னொன்று. பையன் வாயைத் திறந்துகொண்டே இருந்தான். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"அங்கிட்டு என்ன பார்வ? கைய நீட்டுங்க" என்றாள்.

நீட்டினேன். சட்டியை வழித்து, பெரிதாக ஓர் உருண்டை உருட்டி என் உள்ளங்கையில் வைத்தாள். வைத்துவிட்டு, விழாமல் இருக்க என் விரல்களைத் தன் கையால் மூடிவிட்டாள்.

"எங்க அண்ணன் கடியாரத்த மட்டும் கொன்னுட்டிய. அது தப்புதான்" என்றாள். "சாப்புடுங்க."